மணி, வளையம், சிவப்புப் புள்ளி: ஷாட்கன் கேள்விகள்

போன இதழில் வீட்டுப் பாதுகாப்பு பற்றிய ஒரு பதிலில் ஷாட்கன் என்கிற ரவைத் துப்பாக்கி பற்றி நான்கு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "வாங்கியாச்சு, மேலே என்ன மாட்டலாம்?" என்றுதான் கேட்கின்றன. அதனால் இந்த மாதம் கராஜ் கதவுக்கும் ஒழுகும் குழாய்க்கும் ஓய்வு. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கோவையில் 10 வருஷம் லேத்தில் நின்றவன் நான். டெக்ஸாஸ் வந்து 22 வருஷமாகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் சுடுதளத்தில் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, "குழலை மேலே தூக்காதீங்க" என்று கத்துகிற ஆள்.

மாஸ்பெர்க் 590 வாங்கியிருக்கிறேன். குறி பார்க்க, குழல் முனையில் ஒரே ஒரு பித்தளை மணிதான் இருக்கிறது. நண்பர்களில் ஒருவர் கோஸ்ட் ரிங் என்கிறார், இன்னொருவர் ரெட் டாட் என்கிறார். எது சரி?
— வாசகர், ஃபிரிஸ்கோ

தம்பி, இதுவரை எத்தனை தோட்டா சுட்டிருக்கிறீர்கள்? கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. சொல்லாததாலேயே கொஞ்சம் புரிகிறது.

முதலில் அந்த மணியைக் கேவலமாக நினைக்காதீர்கள். அது பறவை சுடுகிறவர்களின் சாமான். பறக்கும் வாத்தைச் சுடுகிறவன் மணியைப் பார்ப்பதே இல்லை. கண் வாத்தின் மேல் இருக்கும், மணி ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தால் போதும். வீட்டுக்குள் 5, 6 கெஜ தூரத்துக்கும் அதுவே தாராளம்.

ஆனால் மணியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைஃபிளில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். இங்கே பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கன்னம் பின்கட்டையில் எங்கே பதிகிறதோ அதை வைத்துத்தான் குண்டு மேலேயா கீழேயா என்பது தீர்மானமாகிறது. கண்ணிலிருந்து மணி வரை சுமார் 30 அங்குலம் என்று வையுங்கள். கன்னத்தைக் கால் அங்குலம் தூக்கினால் 25 கெஜத்தில் 7 அங்குலத்துக்கு மேல் உயரே போய்விடும். பக்‌ஷாட் என்கிற பெரிய ரவைத் தோட்டா போட்டால் பரவும் ரவையில் அந்தத் தவறு பாதி மறைந்துவிடும். ஸ்லக் போட்டால், அதாவது ஒரே பெரிய ஈயக் குண்டு, மறைய இடமில்லை. சனிக்கிழமை தோறும் பார்க்கிறேன்: ஸ்லக் சுடுகிறவர் முதல் குண்டை மேலே அனுப்பிவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கோளாறு கன்னத்தில் இருக்கும்.

கோஸ்ட் ரிங் இதற்கு மருந்து. கண்ணுக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டையுள்ள ஒரு வளையம், முனையில் ஒரு கம்பம். வளையத்தை நீங்கள் பார்க்கவே கூடாது. அது மங்கிப்போய்ப் பேய் மாதிரி நிற்கும், பெயரே அதனால்தான். கண் தானாகவே வட்டத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும். பேட்டரி வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. அமெரிக்க மரைன்கள் எம்1014 என்று வைத்திருக்கும் பெனெல்லி எம்4 துப்பாக்கியில் வருவதும் இந்த வகைதான். ஒரே குறை, வெளிச்சம் குறைந்த இடத்தில் கறுப்புக் கம்பம் கறுப்பிலேயே கரைந்துவிடும்.

ரெட் டாட் என்பது கண்ணாடித் துண்டில் மிதக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் 1975-இல் முதல் மின்னணுப் புள்ளியைக் கொண்டுவந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கலாம். இலக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், புள்ளி வந்து அதன் மேல் உட்காரும். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. 45 தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு முன்குறி எப்படியும் மங்கலாகத்தான் தெரியும். அவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

உங்களுக்கு என் யோசனை: இன்னும் 200 தோட்டா அந்த மணியோடு சுடுங்கள். விலை குறைந்த சிறு ரவைத் தோட்டாவே போதும். அதற்கப்புறம் ஸ்லக் சுடப் போகிறீர்கள், அல்லது மான் வேட்டைக்குப் போகிறீர்கள் என்றால் ரெட் டாட். இல்லையென்றால் மணிக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ரெட் டாட்டை நானே மாட்டலாமா? கடையில் 60 டாலர் கேட்கிறார்கள்.
— வாசகர், கேட்டி

மாட்டலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

லேத்தில் 10 வருஷம் நின்றவன், ஒரு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாதா என்ற திமிரில் ஆலன் கீயை எடுத்தேன். மாஸ்பெர்க் 500, 590 இரண்டுக்கும் ரிசீவர், அதாவது குழலுக்குப் பின்னால் உள்ள உடற்பகுதி, அலுமினியம். ரெமிங்டன் 870 என்றால் இரும்பு. நான் இரும்பு முடுக்கிய கையோடு அலுமினியத்தை முடுக்கினேன். கடைசிக் கால் சுற்றில் கை லேசானது. அந்த உணர்ச்சி பட்டறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், வயிற்றுக்குள் ஏதோ வழுக்குகிற மாதிரி இருக்கும். மரை போச்சு. "மரை கழண்டது துப்பாக்கிக்கா உங்களுக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. கடைசியில் கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து, ஓட்டையைப் பெரிசாக்கிப் புது மரை அடித்து, ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை வைத்து வாங்கிவந்தேன். அதற்கு ஆன செலவில் மூன்று தடவை கடையில் மாட்டியிருக்கலாம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஆக்‌ஷனைத் திறந்து, குழலில் தோட்டா உட்காரும் சேம்பரிலும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் அடிக்குழாயின் வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ரிசீவர் மேலுள்ள நான்கு சிறு ஸ்க்ரூக்கள் ஓட்டையை அடைத்து வைத்திருப்பவை, அவற்றைக் கழற்றுங்கள். ஓட்டையிலும் புது ஸ்க்ரூவிலும் உள்ள எண்ணெயை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய் இருந்தால் மரைப்பசை பிடிக்காது. நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும்.

ரெயிலை, அதாவது டாட் உட்காரும் பள்ளம் வெட்டிய பட்டையை, ஓட்டைகளின் மேல் வைத்து, புது ஸ்க்ரூ நான்கையும் விரலால் போகிற வரை போட்டுவிட்டு, பிறகு கார் சக்கரத்துக்கு முடுக்குகிற மாதிரி எதிரெதிராக முடுக்குங்கள். டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தச் சின்ன ஸ்க்ரூக்களுக்குப் பொதுவாக 15 முதல் 20 இன்ச்-பவுண்டு. ரெயிலோடு வரும் காகிதத்தில் வேறு எண் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. மணிக்கட்டு பலத்துக்கு இங்கே வேலையே இல்லை.

முடுக்கியதும் ஆக்‌ஷனை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ ஒரு நூல் நீளமாக இருந்தால் உள்ளே நீட்டிக்கொண்டு, அங்கே ஓடும் போல்ட்டை உரசும். இதைக் கவனிக்காமல் சுடுதளத்துக்கு வந்து, துப்பாக்கி கெட்டுப்போச்சு என்பவர்கள் உண்டு.

ரெயிலின் மேல் டாட்டை வைக்கும்போது இன்னொன்று. பிக்கட்டினி ரெயிலின் பள்ளம் ஒவ்வொன்றும் 5.23 மில்லிமீட்டர் அகலம். நியூஜெர்சியில் அந்தப் பெயரில் உள்ள ஆயுதசாலையின் பெயர்தான் ரெயிலுக்கும். எந்தக் கம்பெனி டாட்டும் எந்தக் கம்பெனி ரெயிலிலும் உட்காருவது இந்த அளவால்தான். உட்கார்ந்தாலும் பள்ளத்துக்குள் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். டாட்டை முன்பக்கமாக, குழலை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும், டாட் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். முன்பே முட்டுக்கொடுத்து வைத்தால் நகர இடமிருக்காது.

கடைசியாக, ஸ்க்ரூத் தலையிலிருந்து ரெயில் வரை நகப்பூச்சால் ஒரு கோடு. என் துப்பாக்கியில் இருப்பது மகளின் ஊதா நிறம். 25 தோட்டா சுட்டதும் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். 12 கேஜின் உதை சாதாரணமில்லை.

மனைவி 5 அடி 1 அங்குலம். ரெட் டாட் மாட்டியதிலிருந்து "புள்ளியே தெரியவில்லை, தாடையில் இடிக்கிறது" என்கிறாள். நல்ல பிராண்டு வாங்கலாமா?
— வாசகர், சான் அன்டோனியோ

பிராண்டை விடுங்கள். ஸ்டாக்கை, அதாவது பின்கட்டையை, அளந்தீர்களா? விசையிலிருந்து பின்கட்டையின் ரப்பர் வரைக்கும் உள்ள நீளம் பல ஷாட்கன்களில் 14 அங்குலத்தை ஒட்டி வருகிறது. 6 அடி ஆளுக்குத் தைத்த சட்டை அது. உங்கள் வீட்டு அம்மணிக்கு 12, பன்னிரண்டரை இருந்தால்தான் உடம்புக்கு ஒட்டும். கட்டை நீளமாக இருந்தால் முழங்கை நீண்டு, உடம்பு பின்னால் சாய்ந்து, தோளில் பதிய வேண்டியது புஜத்துக்கு நழுவிவிடும். உதை அங்கே விழுந்தால் மறுநாள் கருநீலம்தான்.

புள்ளி தெரியாததற்குக் காரணம் உயரம். மணிக்காகச் செய்த தாழ்ந்த கட்டையின் மேல், ரெயில், அதன் மேல் தாங்கி, அதன் மேல் டாட் என்று மாடி கட்டிவிட்டீர்கள். கன்னம் பதிந்தால் புள்ளி தெரியாது. புள்ளி தெரிய வேண்டுமென்றால் தாடையைத்தான் கட்டையில் வைக்க வேண்டும். இடிப்பது அதனால்தான். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாக் ஒன்று வாங்குங்கள், கூடவே கன்னத்துக்கு உயரம் கொடுக்கும் மேல்துண்டு. டாட்டின் தாங்கியை இருப்பதிலேயே தாழ்ந்ததாக மாற்றுங்கள். சில புது மாடல்களில், மாஸ்பெர்க் 940 ப்ரோ டாக்டிகல் மாதிரி, ரிசீவரிலேயே பள்ளம் வெட்டி டாட்டை நேரே உட்கார வைக்கிறார்கள். உயரப் பிரச்சினை பெரிதும் குறைந்துவிடும்.

அப்புறம், உதை குறைந்த தோட்டா என்றே கடையில் கிடைக்கிறது. அதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். முதல் நாளே உதை அதிகமான மேக்னம் தோட்டா கொடுத்துச் சிரிக்கிற கணவர்களைச் சுடுதளத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் இரண்டாம் தடவை வருவதில்லை.

புள்ளி உருண்டையாக இல்லை. வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி தெரிகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?
— வாசகி, ராலே

கொடுப்பதற்கு முன் கைப்பேசியின் கேமராவை டாட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் குறை டாட்டில் இல்லை, உங்கள் கண்ணில். கண்ணின் வளைவு சீராக இல்லாத அஸ்டிக்மாடிசம் இருப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். எனக்கு மிளகாய் விதை மாதிரி தெரியும். வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தால் பாதி சரியாகிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோஸ்ட் ரிங்குக்குப் போய்விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அடியில் இருந்தால், மாற்றும்போதெல்லாம் டாட்டைக் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டியதும் குறி சரிபார்க்க வேண்டும். பக்கவாட்டிலோ மேலேயோ இருந்தால் அந்த வேலை இல்லை. பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் நான் வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலன்று, மாற்றிவிடுவேன்.

குறியை எத்தனை கெஜத்தில் சரிசெய்வது? புள்ளி 2 எம்ஓஏ-வா 6 எம்ஓஏ-வா?
— வாசகர், சார்லட்

ஒரு எம்ஓஏ என்றால் 100 கெஜத்தில் சுமார் ஒரு அங்குலம். அப்படியானால் 2 எம்ஓஏ புள்ளி 25 கெஜத்தில் அரை அங்குலத்தை மறைக்கும், 6 என்றால் ஒன்றரை. பரவும் ரவைக்கு இரண்டும் ஒன்றுதான். பெரிய புள்ளி சீக்கிரம் கண்ணில் படும். ஸ்லக்கால் மான் என்றால் சின்னப் புள்ளி.

ஸ்லக்குக்கு 50 கெஜத்தில் சரிசெய்யுங்கள். பக்‌ஷாட்டுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, அதைப் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை: காகிதத்தில் சுட்டு, ரவை எவ்வளவு பரவுகிறது என்று பார்ப்பது. கசாப்புக் கடையில் இறைச்சி சுற்றும் காகிதம் ஒரு சுருள் வாங்கி 5, 10, 15, 20 கெஜத்தில் தொங்கவிட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தோட்டா. கெஜத்துக்கு ஒரு அங்குலம் பரவும் என்று பழைய கணக்கு சொல்வார்கள். என் துப்பாக்கியில் சாதாரணப் பக்‌ஷாட் 10 கெஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் போகிறது. ஃபெடரலின் ஃபிளைட்கன்ட்ரோல் 8 ரவைத் தோட்டா அதே தூரத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒரே துப்பாக்கி, ஒரே ஆள்! தோட்டாவை மாற்றினால் கிடைக்கிற இந்த வித்தியாசத்தை எந்த 400 டாலர் டாட்டும் தராது.

கிட்டத்தில் இன்னொரு விஷயம். டாட் குழலுக்கு மேலே 2 அங்குலத்தில் இருந்தால், 3 கெஜத்தில் குண்டு புள்ளிக்கு ஏறக்குறைய 2 அங்குலம் கீழேதான் படும். கோளாறு என்று திருகாதீர்கள். போகும் முன் சுடுதளத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கூரைக்குள் உள்ள தளங்கள் பலவற்றில் ஸ்லக் மட்டும்தான், ரவைக்கு அனுமதி இல்லை.

எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பரின் பழைய 870-ஐ வாங்கி டாட் மாட்ட ஆசை.
— வாசகர், ஜெர்சி சிட்டி

டாட் இருக்கட்டும், முதலில் துப்பாக்கி. குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. மாநிலச் சட்டம் அதற்கு மேல் தனி, உங்கள் நியூஜெர்சி அதில் கறார். வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

ரிசீவர் பக்கவாட்டில் ஆறு தோட்டா வைக்கும் சைடு சேடில் மாட்டினேன். முன்னும் பின்னும் இழுக்கும் பம்ப் இறுகிவிட்டது. அதோடு லைட் எது நல்லது?
— வாசகர், அட்லான்டா

870 தானே? விசைத்தொகுதியின் ஆணிகளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளில் நீள ஸ்க்ரூ விட்டு மாட்டியிருப்பீர்கள். அதிகம் முடுக்கினால் ரிசீவரின் பக்கங்கள் நெருங்கி உள்ளே ஓடுவதைக் கவ்விப்பிடிக்கும். கால் சுற்று தளர்த்துங்கள், பம்ப் வழுக்கிக்கொண்டு ஓடும். தளர்த்தியது கழன்று வராமலிருக்க அதே நீலப் பசை.

ஆறு தோட்டா சேர்ந்து 300 கிராம் பக்கம் வரும், அதுவும் ஒரே பக்கத்தில். அதற்கு வெல்க்ரோவில் ஒட்டும் துணிப்பட்டை மேல். ஸ்க்ரூவே வேண்டாம், வேண்டாதபோது உரித்துவிடலாம்.

லைட்டுக்கு, முன்கைப்பிடியோடு சேர்ந்தே வரும் வகை நல்லது. பம்ப் பண்ணுகிற கை அங்கேயே இருக்கிறது, பொத்தானைத் தேட வேண்டாம். ஆனால் துப்பாக்கியில் உள்ள வெளிச்சத்தால் எதையாவது பார்க்கிறீர்கள் என்றால் அதன் மேல் குழலை நீட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த பையனாகவும் இருக்கலாம். இந்த ஊர்ச் சுவர் ஜிப்சம் அட்டை. பக்‌ஷாட் ஒன்றல்ல, சில சுவர்களைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். ஆகவே தலைமாட்டில் ஒரு கை டார்ச் தனியாக இருக்கட்டும். யார் என்று பார்க்க அது.

ஊரில் அப்பாவிடம் லைசன்ஸ் உள்ள 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது. ஒரு ரெட் டாட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா?
— வாசகர், டல்லாஸ்

அல்வா கொண்டுவருகிற பெட்டியில் இதைத் திருப்பி அனுப்பும் யோசனையா! வேண்டாம். துப்பாக்கிக்கான டாட், ஸ்கோப் எல்லாம் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. விளையாட்டுச் சாமான் மாதிரித் தோன்றினாலும் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

அந்தத் துப்பாக்கிக்குத் தேவையும் இல்லை. இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டையே கண்ணை முனைக்குக் கொண்டுபோய்விடும். எங்கள் பெரியப்பாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. மணி விழுந்துபோய், அந்த ஓட்டையில் தீக்குச்சித் தலையை மெழுகால் ஒட்டி வைத்திருந்தார்! யாராவது குழலை அறுத்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்றால் மட்டும் அப்பாவை எச்சரியுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி அதற்குத் தனி உரிமம் வேண்டும். இங்கேயும் ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-இலிருந்து வேறு சட்டம், வேறு கதை.

உங்கள் துப்பாக்கியில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்?
— பல வாசகர்கள்

நீளம் குறைத்த ஸ்டாக். தாழ்ந்த தாங்கியில் ஒரு டாட். முன்கைப்பிடியில் லைட். துணிப்பட்டையில் 4 தோட்டா. ஒரு சாதாரண வார். அவ்வளவுதான்.

கழற்றிப் போட்டவை பட்டர் குக்கி டப்பாவில் கிடக்கின்றன: பச்சை லேசர் ஒன்று, தோளில் வைக்க முடியாத வெறும் பிஸ்டல் கிரிப் ஒன்று, சைடு சேடில் இரண்டு, கதவை உடைக்கவாம், குழல் முனையில் மாட்டும் பல் வைத்த இரும்பு வளையம் ஒன்று. அதை வாங்கிய அன்று வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. போன வாரம் மகள் டப்பாவைத் திறந்து பிஸ்கட் தேடியிருக்கிறாள்.

(அடுத்த மாதம்: பனிக்காலத்தில் குழாய் வெடிக்காமலிருக்க. கேள்விகளைச் சுருக்கமாக எழுதுங்கள்.)